33.6கே மோடமா 56கே மோடமா: கிலோபைட்டில போட்டுப் பார்ப்பம்

டெலிபோன் லைனில இன்டர்நெட் எடுக்க அந்தக் காலத்தில பாவிச்ச மோடத்தின்ர பெட்டியில 56கே எண்டு அடிச்சிருக்கிறதைப் பார்த்துட்டு செக்கனுக்கு 56 கிலோபைட் வரும் எண்டு நினைக்கிற ஆக்கள் கொழும்பில இன்னும் இருக்கினம். அது கிலோபிட் அப்பா, 8ஆல பிரிச்சாத்தான் பைட் கணக்கு, அதோட இங்க கிலோ எண்டா 1000 தான், 1024 இல்ல. அப்ப 33.6க்கு செக்கனுக்கு 4.2 கிலோபைட், 56க்கு 7.

4 மெகாபைட் பாட்டு ஒண்டை இறக்க முதலாவதில கிட்டத்தட்ட 16 நிமிசம், மற்றதில ஒன்பதரை. மணித்தியாலக் கணக்கில 15 மெகாபைட்டும் 25 மெகாபைட்டும், லைன் பிடிச்சு வச்சிருந்த நேரத்துக்குத்தானே டெலிபோன் பில் வந்தது, அதால இந்த வித்தியாசம் சின்ன விசயமில்ல.

ஆனா 56 எண்டது முழுசா வாற நம்பர் இல்ல. 1998இல வந்த வி.90 முறையில இறக்கிறதுக்கு மட்டும்தான் அந்த வேகம், அதுவும் இன்டர்நெட் குடுக்கிற பக்கம் டிஜிட்டல் லைனா இருந்தாத்தான். ஏத்திறதுக்கு அதிலயும் 33.6 தான், அதால படம் ஒண்டை ஈமெயில்ல அனுப்ப ரெண்டும் ஒண்டுதான். வெள்ளவத்தைப் பக்கம் மழைக்கு இரையிற பழைய செப்புக் கம்பி லைன் எண்டா, கனெக்ட் ஆனவுடன திரையில 44000 எண்டு விழும், அதை 8ஆல பிரிச்சா ஐந்தரை கிலோபைட்தான். இன்னும் மோசமான லைன் எண்டா தானாவே 33.6க்கோ அதுக்குக் கீழயோ இறங்கிடும்.

எண்டாலும் நான் 56 தான் எடுப்பன், லைன் நல்லா இருந்தா லாபம், இல்லாட்டி மற்றதின்ர வேகம்தானே.