எம்340ஐ என்று சொல்லி 330ஐ-யைத் தலையில் கட்டப் பார்த்தார்கள்: பழைய பிஎம்டபிள்யூ தேடுபவர்கள் கவனத்துக்கு

செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ எம்340ஐ தேடிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எம்340ஐ, 330ஐ இரண்டுமே 3 சீரிஸ் கார்கள்தான், ஆனால் எம்340ஐ அதில் பவரும் விலையும் கூடிய மாடல். என்னுடைய ஒரு லட்சம் ரூபாய் இப்போது சென்னையில் ஒரு யூஸ்டு கார் ஷோரூமில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

விளம்பரத்தில் 'எம்340ஐ, 2021, சிங்கிள் ஓனர்' என்று போட்டிருந்தார்கள். நேரில் போனால் டிக்கியிலும் அதே பேட்ஜ். கிரில்லில் வலை டிசைன், சைடு மிரர்களுக்குச் சாம்பல் நிற மூடி, பின்னால் வட்டமாக இல்லாமல் மூலை வைத்த சைலன்சர் முனைகள் என்று வெளி அடையாளம் ஒன்றுகூடப் பாக்கி இல்லை. ஆர்.சி. கேட்டதற்கு, "லோன் குளோஸ் பண்ணியாச்சு சார், பேங்க் என்.ஓ.சி. வந்ததும் சேர்த்துத் தர்றோம்" என்றார்கள். வேறு பார்ட்டி வருகிறது, டோக்கன் போட்டால்தான் வண்டியை நிறுத்தி வைப்போம் என்றும் சொன்னார்கள். என் மெக்கானிக் பார்த்து ஓகே சொன்னால்தான் மீதி, இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று பேசிவிட்டுத்தான் கொடுத்தேன். சரி என்று தலையாட்டினார்கள்.

மெக்கானிக் அண்ணன் வந்ததும் எஞ்சினைக்கூட ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடிக்கச் சொல்லி, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார். "தம்பி, இங்க வந்து குனிஞ்சு பாருங்க. ஆக்சில் எங்க இருக்கு?" சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குப் பின்னால் சஸ்பென்ஷன் ஆர்மும் பிரேக் ஹோஸும்தான் தெரிந்தன. இந்தியாவில் விற்ற எம்340ஐ எல்லாமே எக்ஸ்டிரைவ், நான்கு சக்கரத்துக்கும் பவர் போகும் வண்டி. முன் சக்கரத்துக்கு ஒரு ஆக்சில் வந்தே தீரும், அதன் நுனியில் மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர் பூட் இருக்கும். இங்கே விற்ற 330ஐ-க்குப் பின் சக்கரங்களில் மட்டும்தான் பவர். அடுத்து பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கவரைத் தூக்கினார். சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இக்னிஷன் காயில் நான்குதான். எம்340ஐ என்றால் ஆறு இருக்க வேண்டும்.

பேட்ஜையும் பம்பரையும் தாண்டி இந்த இரண்டு வண்டிக்கும் உள்ள தூரம் பெரியது. 330ஐ எம் ஸ்போர்ட்டில் இருப்பது 1998 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், நூறைத் தொட 5.8 நொடி. எம்340ஐ-யில் 2998 சி.சி., வரிசையாக ஆறு சிலிண்டர். 370 குதிரைத்திறனுக்கு மேல், 500 நியூட்டன் மீட்டர், நூறுக்கு 4.4 நொடி. போதாததற்குப் பின் ஆக்சிலில் எலெக்ட்ரானிக் லாக் உள்ள எம் ஸ்போர்ட் டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு பின் சக்கரங்களுக்கும் பவரைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால், உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றாமல் வண்டி அப்படியே இழுத்துக்கொண்டு போவது அதனால்தான். கிட் வாங்கி ஒட்டி இதையெல்லாம் கொண்டுவர முடியாது.

டெஸ்ட் டிரைவில் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் 330ஐ-யும் பறக்கிற மாதிரிதான் இருக்கும், அதுவும் நல்ல வண்டிதான். எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கேபினுக்குள் கூட்டிக் கொடுப்பதால் காதை நம்பியும் பிரயோஜனமில்லை.

2021 மார்ச்சில் எம்340ஐ வந்தபோது எக்ஸ் ஷோரூம் விலை 62.90 லட்சம். நம் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில்தான் அசெம்பிள் ஆனது, இந்தியாவில் தயாரான முதல் எம் கார் (எம் என்பது பிஎம்டபிள்யூவின் பெர்ஃபார்மன்ஸ் பிரிவு) என்றே அறிமுகம் செய்தார்கள். நம் ஊரில் அதற்கு இருக்கும் மவுசைத்தான் இவர்கள் காசாக்கப் பார்க்கிறார்கள். வாங்கி மாட்டியிருந்தால் விலை வித்தியாசத்தோடு போயிருக்காது. ஆர்.சி.யில் என்ன மாடலோ அதற்குத்தான் இன்சூரன்ஸ் போடுவார்கள். நாளைக்கு வண்டி மொத்தமாகப் போனால் 330ஐ-க்கு உண்டான தொகைதான் கைக்கு வரும்.

மேனேஜரிடம் கேட்டேன். "எம் ஸ்போர்ட்டும் எம்தானே சார்" என்றார். இல்லை. எம் ஸ்போர்ட் என்பது பம்பர், ஸ்டியரிங், ஃபெண்டர் சின்னம், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன் சேர்ந்த ஒரு பேக்கேஜ். எம்340ஐ அதற்கு மேல் படி. எம்3, எம்4 அதற்கும் மேலே, எஞ்சினே வேறு. கார் விற்றே பிழைக்கிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. அட்வான்ஸைக் கேட்டால் ரசீதை நீட்டுகிறார். அதில் 'பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்' என்று மட்டும் எழுதி, கீழே பொடி எழுத்தில் 'அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது'. வாயால் பேசியதைப் பேசவே இல்லை என்கிறார்.

ஆர்.சி.யில் சி.சி. என்ன என்று முதலில் பாருங்கள், 1998 என்றிருந்தால் பேச்சே வேண்டாம். சேசிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்துகளை ஆன்லைன் வின் (சேசிஸ் நம்பர்) டீகோடரில் போட்டால் ஆலையிலிருந்து எந்த மாடலாக வெளியே வந்தது என்று தெரிந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள நம்பரை மட்டும் நம்பாமல், வண்டியில் பொறித்திருப்பதை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டோக்கன் ரசீதில் முழு மாடல் பெயர், சேசிஸ் நம்பர், எந்த நிபந்தனையில் பணம் திரும்பும் என்பது மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேட்ஜ் போட்டோ, காயில் போட்டோ எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வரவில்லையென்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி நீல நிறம், விளம்பரம் இன்னும் எம்340ஐ என்றே ஓடுகிறது. இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.