எச்சரிக்கை: 14 பேருக்குத் தனி ஜெட் என்று வாங்கிய 14,400 டொலர்

சென்னையிலிருந்து திருகோணமலைக்கு 14 பேரைத் தனி விமானத்தில் கூட்டிவரக் கொடுத்த முற்பணம் 14,400 டொலர். இலங்கைக் காசில் 43 இலட்சம் ரூபாய்க்கு மேல். விமானமும் இல்லை, பணமும் இல்லை. "திருப்பித் தர வழியில்லை" என்ற கடைசிப் பதில் நேற்றிரவு வந்தது. வயிறு எரிகிறது, அந்த எரிச்சலோடேயே எழுதுகிறேன். குழுவுக்குப் பெரிய ஜெட் பிடிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சுருக்கமாகத் தருகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்கள், கனடாவிலிருந்து சென்னை வந்து நிற்கும் மூன்று குடும்பங்கள். கோணேசர் கோயிலில் பூசை, உவர்மலையில் கலியாணம். அவர்களில் 82 வயது அம்மா ஒருவர் சக்கர நாற்காலியில். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி ஆறு மணித்தியாலம் வாகனத்தில் குந்தியிருக்க அவரால் ஏலாது. அதனால்தான் நேரே சீனக்குடா, திருகோணமலையிலேயே உள்ள விமானத்தளம், என்று முடிவானது.

பேசியது விமானம் ஓட்டும் கம்பனியோடு (ஓபரேட்டர் என்பது அதைத்தான்) அல்ல, இணையத்தில் இயங்கும் ஓர் இடைத்தரகு நிறுவனத்தோடு. கேட்டது கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி450 தரத்தில் பெரிய கபின். அந்த ரகத்தில் 14 இருக்கை சாதாரணம், உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், கலியாணப் பெட்டிகளுக்கும் இடம் இருக்கும். மொத்தம் 48,000 டொலர், அதில் 30 வீதம் முன்கூட்டியே. 500 கிலோமீற்றர் சொச்சத்துக்கு, ஒரு மணித்தியாலப் பறப்புக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். ஜெட் மும்பையிலிருந்து வெறுமையாகச் சென்னைக்கு வரவேண்டும், ஆட்களை இறக்கிவிட்டு வெறுமையாகவே திரும்ப வேண்டும். அந்த மணித்தியாலங்களுக்கும் நாம்தான் கட்டுகிறோம். தரையிறங்கு கட்டணம், தரைச் சேவை, விமானிகளின் தங்கல், சாப்பாடு எல்லாம் அதன் மேல். ஆகவே விலை சந்தேகத்தைக் கிளப்பவில்லை. மலிவாகச் சொல்லியிருந்தால் உசாராகியிருப்போம்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன். தொலைபேசியில் பேசிய பையன், நாங்கள் கேட்காமலே கேட்டான்: "அண்ணா, அம்மாட நாற்காலி பற்றரியில ஓடுறதா? லித்தியமா, தண்ணி ஊத்துற பற்றரியா? விமானிக்கு முதலே சொல்லோணும்." சரியான கேள்வி. விலை கேட்ட வேறு எவரும் அதைக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டோம். அடுத்த வாக்கியம்தான் தூண்டில்: "சீனக்குடா பெர்மிட் கைக்கு வந்திட்டுது அண்ணா. இண்டைக்குக் காசு விழுந்தா நாள் போகாது."

சீனக்குடா விமானப்படைத் தளம். ஓடுபாதையில் குறையில்லை, 2,400 மீற்றர் அளவு, ஜி450 தாராளமாக இறங்கும். சிக்கல் காகிதத்தில். வெளிநாட்டிலிருந்து நேரே வரும் விமானத்துக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை, விமானப்படை, குடிவரவு, சுங்கம் எல்லாம் சம்மதிக்க வேண்டும். விமானத்தின் பதிவெண், விமானிகள், பயணிகள் பட்டியல் இல்லாமல் விண்ணப்பமே நகராது. அன்று அவனிடம் ஒரு கடவுச்சீட்டுப் பிரதிகூட இல்லை. பிறகு பெர்மிட் எப்படி வரும்? குழுப் பயணம் ஒழுங்கு செய்வதே தொழிலாக உள்ள எங்களுக்கு அந்தப் பின்னேரம் இது உறைக்கவில்லை. எங்கள் சொல்லை நம்பி அம்மாவின் மகன் 14,400 டொலரை அனுப்பினார். காசு போன கணக்கின் பெயர் வேறு. கேட்டதற்கு "அது ஓபரேட்டர்ட கணக்கு" என்றான்.

பயணத்துக்கு ஐந்து நாள் முன் செய்தி: விமானத்தில் கோளாறு, பதிலுக்கு ஹோக்கர் 800எக்ஸ்பி, சீனக்குடா இல்லை, கட்டுநாயக்கா. ஹோக்கரில் 8 பேர்தான் இருக்கலாம். மற்ற 6 பேர்? "இரண்டு தரம் அடிக்கலாம், மேலதிகக் கட்டணம்." ஒப்பந்தத்தைப் புரட்டினால் "அல்லது இணையான விமானம்" என்று ஒரு வரி. இணை என்றால் என்ன என்று எங்கும் எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் முதலில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எஞ்சின் மேல் 'எம்', ஒரு சிறுகோடு, நான்கு எழுத்து. அது பிரித்தானியாவுக்குப் பக்கத்திலுள்ள மேன் தீவின் விமானப் பதிவு. சொந்தப் பாவனைக்கும் கம்பனிப் பாவனைக்கும் உரிய பதிவேடு அது, காசுக்குப் பயணி ஏற்ற அதில் அனுமதியில்லை. ஏற்றிப் பறந்து ஏதும் நடந்தால் காப்புறுதிக்காரன் கைவிரிப்பான். அந்த அம்மாவை இதிலா ஏற்றப் பார்த்தார்கள்! வரைபடத்தில் காட்டிய 14 இருக்கையில் மூன்று, பக்கவாட்டுச் சோபா. சில விமானங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தச் சோபாவில் மூன்று பேர் இருக்க விடமாட்டார்கள்.

பணத்தைக் கேட்டோம். "கணக்குப் பிரிவுக்கு அனுப்பியாச்சு." மூன்று நாள். "ஓபரேட்டர் காசை விடுறானில்லை." ஓபரேட்டர் யார்? "அது சொல்லேலாது அண்ணா." பிறகு நீலக்குறி மட்டும் விழுந்தது, பதில் இல்லை. வேறு இலக்கத்திலிருந்து எடுத்தால் ஒரு பெண்: "சேர், அவர் இப்ப எங்களோட வேலை செய்யிறதில்லை." நேற்றிரவு வந்த கடிதம் இரண்டே வரி: பயணத்தை இரத்துச் செய்தது நீங்கள், ஆகவே முற்பணம் இல்லை. நாங்கள் எதையும் இரத்துச் செய்யவில்லை. 14 பேருக்கு 8 இருக்கை வேண்டாம் என்றோம். அதையே இரத்து என்று எழுதி 14,400 டொலரை விழுங்கிவிட்டார்கள்.

விவரமாக எழுத நேரமில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். காசுக்கு முன் பதிவெண். அந்த எண், காசுக்குப் பயணி ஏற்ற ஓபரேட்டருக்குக் கொடுக்கும் ஏஓசி அனுமதிப் பத்திரத்தில் இருக்க வேண்டும். இந்திய விமானம் என்றால் 'விடி' என்று தொடங்கும், அந்நாட்டு விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வெளியிடும் பட்டியலில் ஓபரேட்டரின் பெயரைத் தேடுங்கள். "இணையான" என்ற சொல்லை வெட்டி, இருக்கை எண்ணிக்கையையும் இறங்கும் நிலையத்தையும் எழுதச் சொல்லுங்கள், மாறினால் முழுப்பணமும் திரும்ப வேண்டும் என்று சேருங்கள். ஒப்பந்தப் பெயரும் கணக்குப் பெயரும் ஒன்றில்லை என்றால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். பெர்மிட் என்றால் இலக்கத்தைக் கேட்டு, இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் விசாரியுங்கள்.

கனடாவில் வங்கி திறக்கும் நேரம். 14,400 டொலரைத் திருப்பி இழுக்கும் விண்ணப்பத்துக்கு ஒப்பந்தத்தையும் அந்தப் படத்தையும் இப்போதே அனுப்ப வேண்டும்.