நேசமணி என்ற உரைகல்: 24 மணி நேரக் காமெடி சேனல்கள் எப்படி?

காமெடிக்கென்றே தனிச் சேனல் என்பது தமிழ் வீடுகளில் பழகிப்போன வசதி. சன் குழுமத்துக்கு ஆதித்யா, கலைஞர் குழுமத்துக்குச் சிரிப்பொலி. ஒரு படத்திலிருந்து சில நிமிடத் துண்டு, கொஞ்சம் விளம்பரம், அடுத்த படத்திலிருந்து இன்னொரு துண்டு என்று நாள் முழுக்க ஓடும். இந்தச் சேவையை எடை போட ஓர் உரைகல் வேண்டுமானால் அது 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணிதான்.

'ஃப்ரண்ட்ஸ்' 2001 பொங்கலுக்கு வந்தது. சித்திக் 1999-ல் மலையாளத்தில் எடுத்த படத்தை அவரே தமிழில் மறுபடி எடுத்தார். மலையாளத்தில் ஜகதி ஸ்ரீகுமார் செய்த கான்ட்ராக்டர் வேடம் இங்கே வடிவேலுவுக்கு. விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா மூவரும் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஜமீன் பங்களாவுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். மேலே நின்று ஆணி பிடுங்கும் கிருஷ்ணமூர்த்தியின் (ரமேஷ் கண்ணா) கையிலிருந்து சுத்தியல் நழுவி, கீழே நிற்கும் நேசமணியின் தலையில் விழுகிறது. திரையில் சில நொடிகள்தான்.

அந்தச் சில நொடி 18 ஆண்டு கழித்து என்ன செய்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 மே மாதக் கடைசியில், கட்டடப் பொறியியல் பற்றிய ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் சுத்தியல் என்று பெயரைச் சொல்லி, ஜமீன் பங்களாவில் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை இதனால்தான் உடைந்தது என்றும் சேர்த்து எழுதினார். விவரம் தெரியாத ஒருவர் அவர் இப்போது நலமா என்று விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் மேலே ஏறியது. மே 30 அன்று டெல்லியில் பிரதமர் பதவியேற்பு, இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். அவற்றுக்கு நடுவிலும் நேசமணி நின்றார்.

இதற்கு அஸ்திவாரம் போட்டது தொலைக்காட்சிதான் என்பது எங்கள் உறுதியான கணிப்பு. படம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளும் அன்று அந்தப் பகடியில் கலந்துகொண்டார்கள். அவர்கள் நேசமணியைத் தியேட்டரில் பார்த்திருக்க வழியில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஓடிய துண்டுக் காட்சிகளில்தான் பார்த்தார்கள், அதுவும் மனப்பாடம் ஆகும் அளவுக்கு. சுத்தியல் என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் முழுக் காட்சியும் கண்முன் வர, அத்தனை தடவை பார்த்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியதற்காக இந்தச் சேனல்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

மதிப்பெண் குறைவது கத்தரி வைக்கும் இடத்தில்.

தமிழ்ப் படக் காமெடியில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, கதையோடு ஒட்டாமல் தனியாக எழுதிச் சேர்க்கும் டிராக். கவுண்டமணி–செந்தில் காலத்தில் ஏ. வீரப்பன் போன்றவர்கள் தனியே உட்கார்ந்து எழுதியது இந்த ரகம். 'கரகாட்டக்கார'னின் (1989) வாழைப்பழக் காட்சி ஏற்கெனவே வெட்டி வைத்த துண்டு போன்றது. கொடுத்த காசு எவ்வளவு, வாங்கச் சொன்ன பழம் எத்தனை, கையில் வந்தது எத்தனை என்ற கணக்கு முழுக்கக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. கதை தெரியாதவரும் சிரிப்பார். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியும் அப்படியே தனியாக நிற்கும். சேனல்காரர் எங்கே வெட்டினாலும் இவற்றுக்குப் பெரிய சேதம் இல்லை.

'ஃப்ரண்ட்ஸ்' இரண்டாவது ரகம். கதாநாயகர்களே காமெடியின் உள்ளே இருக்கிறார்கள். கான்ட்ராக்டரின் மிடுக்கு, பங்களாவின் பெருமை, வேலை தெரியாத ஆட்களின் மெத்தனம் மூன்றையும் வரிசையாகக் கட்டி ஏற்றிய பிறகுதான் சுத்தியல் விழுகிறது. பல தொகுப்புகளில் துண்டு நேராகச் சுத்தியலில் தொடங்கி, அடி விழுந்த உடனே அடுத்த படத்துக்குத் தாவிவிடும். முன்கட்டு இல்லை என்றால் அது வெறும் விபத்து. அடி விழுந்த பிறகு வடிவேலுவின் முகம் மாறும் நொடிகள் இல்லை என்றால் சிரிப்பின் பாதி போச்சு. நேசமணி பங்களாவுக்கு வந்து சேர்வதிலிருந்து துண்டு தொடங்கினால் நம்பிப் பார்க்கலாம்.

அடுத்த சிக்கல் சட்டகம். அந்தக் காலத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் 2.35:1 அகலத் திரைக்காக எடுக்கப்பட்டவை. அதைப் பழைய 4:3 பெட்டிக்காகப் பக்கவாட்டில் நறுக்கினால் ஏறக்குறைய 43 சதவீதப் படம் காணாமல் போகும். 16:9-க்கு நறுக்கினால் 24 சதவீதம். கூட்டுக் காமெடிக்கு இது பெரிய அடி. பேசுபவர் ஒரு ஓரத்தில் இருப்பார், கேட்டு விழிப்பவர் மறு ஓரத்தில் இருப்பார், சிரிப்பு விழிப்பவரிடம் இருக்கும். இதைவிட மோசம், 4:3-க்கு நறுக்கிய பழைய டேப்பையே இழுத்து 16:9-க்கு நிரப்புவது. எல்லோரும் குட்டையாகவும் பருத்தும் தெரிவார்கள். சந்தேகம் வந்தால் திரையில் வரும் வட்டமான பொருளைப் பாருங்கள்: பெயின்ட் டப்பாவின் வாய், சுவர்க் கடிகாரம், வண்டிச் சக்கரம். நேருக்கு நேர் காட்டும்போதும் முட்டை வடிவமாக இருந்தால் இழுத்திருக்கிறார்கள்.

வேகமும் ஒரு விஷயம். பிலிமில் நொடிக்கு 24 சட்டகம், நம் ஊர்த் தொலைக்காட்சியில் 25. சட்டகத்துக்குச் சட்டகம் அப்படியே மாற்றினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். திருத்தம் செய்யாவிட்டால் குரலும் சற்று மேலே ஏறும். வடிவேலுவின் இழுவைக்கு இது கேடு. அவர் ஒரு சொல்லை இழுத்து, நிறுத்தி, மூச்சு விட்டு அடுத்ததை எடுப்பதில்தான் நகைச்சுவை உட்கார்ந்திருக்கிறது.

இவற்றில் சிலவற்றை நம் பக்கமே சரிசெய்யலாம். டிவியில் படத்தின் அளவை 'ஒரிஜினல்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று வையுங்கள், 'ஜூம்' வேண்டாம். செட்டாப் பெட்டியின் அமைப்பிலும் திரை விகிதம் தனியாக இருக்கும். இரண்டு இடத்திலும் இழுவை இருந்தால் ஒன்றை மாற்றினால் மட்டும் போதாது. அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், பழைய படம் சீரியல் போலத் தெரிவது அதனால்தான். துண்டுக்குத் துண்டு சத்தம் ஏறி இறங்கினால், ஒலி அளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதியை இந்தச் சேனலுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். முழுப் படத்துக்கு வேண்டாம், முணுமுணுப்பும் கத்தலும் ஒரே அளவாகிவிடும்.

யூடியூப் துண்டுகள் தேடிய உடனே கிடைக்கும், அது பெரிய வசதி. ஆனால் உரிமை இல்லாதவர்கள் ஏற்றிய பதிவுகளில், தானியங்கிச் சோதனையில் சிக்காமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி, குரலின் சுருதியை மாற்றி வைப்பார்கள். சட்டைப் பையைப் பாருங்கள். வழக்கமாக இடது மார்பில் இருக்கும் பை எல்லோருக்கும் வலது பக்கம் இருந்தால் திருப்பிய படம். உரிமையாளரின் சொந்தச் சேனல் பதிவையே தேர்ந்தெடுங்கள்.

இந்தத் துண்டுகளிலிருந்து வெளியே போனவை எத்தனை! நேசமணியின் ஆணி அலுவலக மொழிக்குள் நுழைந்தது. தமிழ் வலைப்பதிவர்கள் வேலைப்பளுவை 'ஆணி அதிகம்' என்று எழுதிய காலத்தில் மீம் பக்கங்கள் இன்னும் வரவில்லை. பயனில்லாத வேலைக்குத் 'தேவையில்லாத ஆணி' என்பதைவிடப் பொருத்தமான சொல் இன்றும் இல்லை. வடிவேலுவின் மற்றப் படங்களும் இதே வழியில் பயணப்பட்டன. 'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ள நடத்திய வருத்தப்படாத வாலிபர் சங்கம் 2013-ல் படத்தலைப்பானது. 'தலைநகரம்' (2006) நாய் சேகரின் 'நானும் ரவுடிதான்' 2015-ல் தலைப்பானது. 2022-ல் நாய் சேகர் என்ற பெயரே இரண்டு படங்களுக்குப் போனது. விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு', சன் டிவியின் 'அசத்தப்போவது யாரு' மேடைகளில் வடிவேலு குரல் எடுபட்டதற்கும், பார்வையாளருக்கு மூலக் காட்சி முன்பே தெரிந்திருந்ததே காரணம். முதல் சொல்லிலேயே கைதட்டல் விழும்.

எங்கள் தீர்ப்பு இது. பின்னணியில் ஓடவிட, பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க, காமெடி சேனலுக்கு ஐந்துக்கு நான்கு. ஒரு காட்சியை அதன் முழு அழகோடு பார்க்க இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. துண்டின் மூலையில் படத்தின் பெயரோடு ஆண்டும் இயக்குநர், வசனகர்த்தா பெயர்களும் போட்டால் ஒரு மதிப்பெண் கூட்டித் தருவோம். வீரப்பன் போன்றவர்களின் பெயர் வீடுகளுக்குத் தெரிய அதைவிட எளிய வழி இல்லை.

கட்டணம் பற்றி: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய விதிகள் 2019-ல் நடைமுறைக்கு வந்தபின் சேனலைத் தனியாகவும் எடுக்கலாம், தொகுப்பாகவும் எடுக்கலாம். அந்தக் குழுமத்தின் தொகுப்பு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், காமெடி சேனல் அதற்குள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பட்டியலைப் பாருங்கள். தனியாகச் சேர்ப்பதாக இருந்தால் முதல் மாதம், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். ஒரே துண்டு மூன்று தடவைக்கு மேல் வந்தால் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை முழுப் படங்கள் ஓடும் சேனலுக்குப் போடலாம்.