அஃப்ரோடைட்டி பாண்டெமோஸ்: தீசியஸ் கதையா, சோலோன் கதையா?

பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில், காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிக்கு 'பாண்டெமோஸ்', அதாவது எல்லா மக்களுக்கும் உரியவள், என்ற பட்டம் வந்ததற்கு இரண்டு கதைகள். எதை எடுப்பது?

தீசியஸ்: சிதறிய ஊர்களை ஒரே நகரமாக்கிய மன்னன் தொடங்கிய வழிபாடு.
சோலோன்: ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்தவர் விலைமாதர் இல்லங்களின் வருமானத்தில் எழுப்பிய கோயில்.

சொன்னவர்: முன்னது கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ், பின்னது கிரேக்கக் கவிஞர் நிகாண்டர்.

நம்பகம்: தீசியஸ் புராண மன்னன். சோலோன் நிஜ மனிதர்தான். ஆனால் இல்லங்கள் பற்றிய பேச்சில் நகைச்சுவை நாடக வாடை அடிக்கிறது.

தடயம்: ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் கிடைத்த கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயில் தூய்மைக்கு ஒரு புறா கொடுங்கள், சிலைகளைக் கழுவுங்கள் என்று நகர அதிகாரிகளுக்கே உத்தரவிடுகிறது. அரசு விழா, சரி. விலைமாதர் பேச்சே இல்லை.

பட்டத்தின் அரசியல் பொருள் வேண்டுமா? தீசியஸ். பிற்காலக் கேலி புரிய வேண்டுமா? சோலோன்.