நடுவில் குழி விழுந்த குமிழ்

பழைய ரேடியோவுக்கு ஒரு குமிழ் வார்க்கலாம் என்று, பொடியும் திரவமுமாக வரும் அக்ரிலிக் பாக்கெட் வாங்கினேன். பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, அதில் குறையில்லை. ஆனால் இறுகியபின் எடுத்துப் பார்த்தால் நடுவில் நகம் பதிகிற அளவு குழி. தப்பு என் பக்கமும் உண்டு. நன்றாக ஓடட்டும் என்று திரவத்தைக் கூட்டிவிட்டேன். திரவம் மட்டும் இறுகினால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கும். 3 பங்கு பொடிக்கு 1 பங்கு திரவம் என்றால் 7 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். பொடி ஏற்கெனவே சுருங்கி முடித்த சரக்குதானே! இதை அட்டையில் ஒரு வரி போட்டிருக்கலாம். அடுத்த முறை அளந்து கலந்து, அச்சின் வாயில் கொஞ்சம் கூடுதலாக நிரப்பி, அப்புறம் உப்புத்தாளால் தேய்த்தேன். கச்சிதம். நாற்றம்தான், ஜன்னலைத் திறந்து வைத்தும் தலைவலி.