பருத்திக்காட்டுல பங்குன்னு 4,800 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) போச்சு, லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் போறவங்க உஷார்

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. இன்னிக்கு மத்தியானம்தான் உறுதியாச்சு, 4,800 வெள்ளி போயே போச்சுன்னு. ஒரு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு.

நமக்கு ஊர் பெரம்பலூர் பக்கம். கரிசக்காடு, மானாவாரிப் பருத்தி. பள்ளிக்கூட லீவுல அம்மாவோட மடி கட்டிக்கிட்டுப் பருத்தி எடுத்தவன் நான். என்னையே ஏமாத்திட்டானுங்க.

போன ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை, தேக்காவுல சாப்பிட்டுட்டு நிக்கிறேன். ஒரு தம்பி வந்து "அண்ணே எந்த ஊரு?"ன்னு ஆரம்பிச்சான். பக்கத்துக் கடை மாடியில ஆபீஸ், போன்ல ஒரு ஆப். ஏக்கருக்கு 2,400 வெள்ளி போட்டா அவங்களே விதைச்சு, எடுத்து, வித்து, தைப்பூசத்துக்குள்ள 3,400 தருவாங்களாம். நான் யோசிச்சேன். உடனே பையில இருந்து வெடிச்ச காய் ஒண்ணை எடுத்து என் உள்ளங்கையில வெச்சான். "நம்ம காட்டுல வெளஞ்சதுண்ணே." சுளையைப் பிச்சேன். உள்ள கொட்டை நெருடுச்சு, ஓட்டு முனை விரல்ல குத்துச்சு. அதைத் தொட்டு எட்டு வருஷமாச்சு. அங்கேயே நின்னு ரெண்டு ஏக்கருக்கு பேநவ்ல, அதான் போன் வழியா, பணம் அனுப்பிட்டேன். ரசீதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்துச்சு, அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே கணக்குப் போட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்கும். பி.டி. விதை, அதாவது காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாத்தின விதை, பாக்கெட்டுக்கு 2025-26ல அரசாங்கம் வெச்ச உச்ச விலை 901 ரூபாய், எங்க அண்ணன் ஏக்கருக்கு ரெண்டு பாக்கெட் போடுவார். உழவு, உரம், களையெடுப்பு, மருந்து, கடைசியில கிலோ கணக்குல எடுப்புக் கூலி. அவர் கணக்குல 30 ஆயிரம் சுலபமா இறங்கிடும். மழை கைகொடுத்தா ஆறு குவிண்டால். 2025-26க்கு அரசாங்க ஆதரவு விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110. அதுவும் ஈரம் 8 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் முழுசா. வாசலுக்கு வர்ற வியாபாரி அதையும் தரமாட்டான். ஏக்கர் முழுசையும் வித்தாலும் 50 ஆயிரம் ரூபாயைத் தொடாது. நான் ஏக்கருக்குக் குடுத்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல! தங்கத்தையா விதைச்சானுங்க?

நவம்பர்ல கேட்டேன், "மழைண்ணே, சப்பை, மொட்டெல்லாம் கொட்டிடுச்சு." பொங்கலுக்குக் கேட்டேன், "இளஞ்சிவப்புக் காய்ப்புழு." அந்தப் புழு நிஜம்தான், பி.டி. பருத்தியையே தின்னுது, அதனால நம்பித் தொலைச்சேன். தைப்பூசம் முடிஞ்சு கேட்டா, "கொள்முதல் பணம் இன்னும் ஏறலை." அப்புறம் "நான் வெறும் ஏஜென்ட்ணே, ஆபீஸ்ல கேளுங்க." ஆபீஸ் நம்பர்ல ஒரு பொண்ணு மூணு நாள்னு சொல்லி மூணு வாரம் ஓட்டுச்சு. அப்புறம் ப்ளூ டிக் மட்டும்.

இன்னிக்கு நேர்ல போனேன். மாடியில இப்ப தையல் கடை. தைக்கிற அக்கா தலையைக்கூட நிமிர்த்தலை, "இந்த வாரம் நீங்க நாலாவது ஆளு தம்பி"ன்னாங்க.

அவனுங்க மாசாமாசம் அனுப்பின வீடியோவை அண்ணனுக்குத் தட்டிவிட்டேன். பார்த்த கையோட போன் பண்ணார்: "ஏன்டா, மண்ணு செவப்பா கெடக்கே, இதுவாடா நம்ம கரிசலு?" ஆறு மாசமா அந்தச் செம்மண்ணுக்குத்தான் நான் லைக் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், மனசு ஓடலை. நிலம்னு சொன்னா சர்வே நம்பர் கேளுங்க, ஊர்ல இருந்து ஒருத்தரை நேர்ல அனுப்புங்க. சிங்கப்பூர் நாணய ஆணையத்தோட முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்க; அதுல பேர் இல்லைன்னா நல்லவன்னு அர்த்தம் இல்லை. சந்தேகம்னா சிங்கப்பூர் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அடிங்க. நான் அடிக்கலை, 4,800 வெள்ளி போச்சு.

காலையில அஞ்சரைக்கு லாரி. வேலை முடிச்சு சாயந்தரம் போலீஸ் புகார் குடுக்கப் போறேன். அதே மாடிக்குப் போய் ஏமாந்த மத்த மூணு பேர் இதைப் படிச்சா மெசேஜ் போடுங்க, சேர்ந்தே போகலாம்.