₹68,500-க்கு வாங்கிய போலிக் காவல்: சிறு செயற்கைக்கோள் குழுக்களின் கவனத்துக்கு

எங்கள் கல்லூரிச் செயற்கைக்கோள் குழுவின் ₹68,500 போய்விட்டது. பாதி துறையின் ஆய்வு நிதி, பாதி மாணவர்கள் தங்களுக்குள் வசூலித்துக் கொடுத்தது. மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் "உபரி இருப்பு" என்ற பெயரில் கடை விரித்திருக்கும் ஒருவர், பழைய எழுத்தை அழித்துப் புது எழுத்து அச்சடித்த சில்லுகளை எங்கள் தலையில் கட்டிவிட்டார். இதே பாகங்களைத் தேடும் வேறு குழுக்கள் பணம் கட்டுவதற்குள் படித்துவிட வேண்டும் என்பதால் ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதுகிறேன். போலியைக் கண்டுகொள்ளும் வழிகளையும் முடிவில் சொல்கிறேன்.

நாங்கள் தேடியவை இரண்டே வகைச் சில்லுகள். ஒன்று, மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருந்து, வரம்பு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்வது. விண்வெளியில் கனமான அயனி (மின்னூட்டமுள்ள துகள்) ஒன்று, பெரும்பாலான மின்னணுக் கருவிகளில் இருக்கும் சிமாஸ் வகைச் சாதாரண சில்லைத் தாக்கினால், அதனுள் இயல்பாகவே அமைந்துவிட்ட தைரிஸ்டர் (ஒருமுறை திறந்தால் தானாக மூடாத மின் சுவிட்ச்) விழித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் கட்டுக்கடங்காமல் இழுக்கும். லேட்ச்-அப் எனப்படும் இந்த நிலை வெறும் ரீசெட்டால் தீராது; மின்சாரத்தை அறவே நிறுத்தி மறுபடி கொடுத்தால்தான் தீரும், தாமதித்தால் சில்லு கருகிவிடும். மற்றொன்று வாட்ச்டாக். கணினியிடமிருந்து குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் அது தானாகவே ரீசெட் கொடுக்கும். 2015-இல் லைட்செயில் 1 செயற்கைக்கோளின் கணினி, ஒரு பதிவுக் கோப்பு 32 மெகாபைட்டைத் தாண்டிப் பெருத்ததால் உறைந்துபோனதாகக் கண்டறியப்பட்டது. தரையிலிருந்து அனுப்பிய மறுதொடக்கக் கட்டளைகளும் பலிக்காமல், ஏறத்தாழ எட்டு நாள் மௌனத்துக்குப் பிறகுதான் அது மீண்டும் பேசியது. ஏவியபின் கைவைக்க முடியாத ஒரு பெட்டிக்கு இந்தச் சில்லுகளின் அருமை என்ன என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம் இருப்பு இல்லை. மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் இந்த விற்பனையாளர் தொலைபேசியில் பேசினார். விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "சார், இதுல 20 மடங்கு, 50 மடங்கு, 100 மடங்குன்னு மூணு வகை இருக்கு. உங்க டிசைனுக்கு எது வேணும்? மாத்தி வாங்கிட்டா லிமிட் தப்பாயிடும்" என்று அவராகவே கேட்டார். மின்னோட்டத்தை அளக்கும் சில்லு தன் உள்ளீட்டு மின்னழுத்தத்தை எத்தனை மடங்காகப் பெருக்கித் தருகிறது என்பதைத்தான் அவர் கேட்டார். பொருள் தெரிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. அந்த ஒரு கேள்விதான் எங்களை நம்பவைத்தது. மைனஸ் 40 முதல் பிளஸ் 85 டிகிரி வரை ஒவ்வொரு சில்லையும் சோதித்து அனுப்புவதாகச் சொல்லி, அதற்கெனத் தனிக் கட்டணமும் சேர்த்து, முத்திரையிட்ட பொட்டலத்தின் படத்தையும் சோதனைச் சான்றிதழையும் அனுப்பினார். அன்று மாலையே ₹68,500 முழுவதையும் செலுத்தினோம்.

எங்கள் பலகை 300 மில்லிஆம்பியரில் துண்டிக்க வேண்டும். மின்சுமையை மெல்ல மெல்ல ஏற்றினோம். 400, 600, 1 ஆம்பியர் எனப் போய்க்கொண்டே இருந்தது, சுற்றுப்பலகை தொட முடியாத அளவுக்குச் சுட்டது. கடைசியில் 1.5 ஆம்பியரில்தான் துண்டித்தது, அதாவது சரியாக ஐந்து மடங்கு. சில்லின் உள்ளீட்டில் 10 மில்லிவோல்ட் கொடுத்துப் பார்த்தோம். 1 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 0.2 வோல்ட் வந்தது. 100 மடங்கு வகை என்று எழுதியிருந்தது 20 மடங்கு வகை. எது மாறினால் வரம்பு தவறும் என்று எங்களுக்கே எச்சரித்தாரோ, அதையே மாற்றி அனுப்பியிருக்கிறார். அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்ததும் எழுத்தோடு மேல்பூச்சும் கறுப்பாகக் கரைந்து வந்தது. நுண்ணோக்கியில் அடியில் பழைய எழுத்தின் தடம் தெரிந்தது.

வாட்ச்டாக் சில்லு அதைவிட மோசம். மின்சாரம் கொடுத்ததும் ஒழுங்காக ரீசெட் தருகிறது. துடிப்பை நிறுத்தினால் எவ்வளவு நேரமானாலும் சும்மா இருக்கிறது. உள்ளே வாட்ச்டாக்கே இல்லாத மலிவு வகை அது. சான்றிதழைப் பார்த்தால், வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த இரண்டு சில்லுகளுக்கும் ஒரே லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) போட்டிருக்கிறது!

புகார் சொன்னதும் "உங்க போர்டுலதான் கோளாறு சார்" என்றார். சோதனைக் காணொளி கேட்டார், அனுப்பினோம். முத்திரை பிரித்த சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். முத்திரையைப் பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை, அதன்பிறகு தொலைபேசியையும் எடுப்பதில்லை. சந்தைத் தளமோ, இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விவகாரம் என்று ஒரே வரியில் எழுதி, எங்கள் புகாரைத் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டது. ₹68,500 இழந்தவர்களுக்கு என்ன தீர்ந்தது?

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். உங்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியவை இவைதான். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். முதலில் இரண்டு சில்லுகளை மட்டும் வாங்கிச் சோதியுங்கள். லாட் எண்ணைத் தயாரிப்பாளரிடமே எழுதிக் கேளுங்கள். வாட்ச்டாக்கின் துடிப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள், மின்னோட்ட வரம்பை உண்மையான சுமையோடு அளந்து பாருங்கள். "உபரி இருப்பு, ஒரே லாட், சோதித்தது" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.